ஏரி மீனும் சீமைத் தூண்டிலும்

மீன் பிடிக்கவும் வழிகாட்டி வேண்டுமா என்று நமது கிராமவாசிகள் சிரிப்பார்கள். ஆனால் வேண்டும் என்றே ஒரு வியாபாரம் இக்காலத்தில் நடந்து வருகிறது. காஷ்மீரத்து ஓடைகளிலும், ஹிமாசலப் பிரதேசத்துத் தீர்த்தன் நதிக்கரையிலும், அனுமதிச் சீட்டு, தூண்டிற்கோல், தங்கும் விடுதி, கூடவே இடம் காட்டும் ஓர் ஆள் ஆகிய எல்லாவற்றிற்கும் சேர்த்து ஒரு தொகை பேசிக்கொண்டு, பட்டணத்துச் செல்வர்களை டிரவுட் என்னும் மீனைத் தேடி அழைத்துப் போகிறார்கள். பிடித்த மீனைப் பெரும்பாலும் சமைப்பதில்லை. படம் எடுத்துக்கொண்டு மீண்டும் தண்ணீரிலேயே விட்டுவிடுவதுதான் இப்போதைய நாகரிகம்.

இந்த வித்தையை நாம் இகழ வரவில்லை. நம் ஊர்ச் சிறுவன் மண்புழுவை முள்ளில் கோத்துக் குளத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். இவர்களோ இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி, ஈயைப்போலவும் விட்டிலைப்போலவும் ஒரு பொய்ப் பூச்சி செய்கிறார்கள். அதற்குக் கனமே கிடையாது. கனமெல்லாம் நூலில்தான் இருக்கிறது. கோலை முன்னும் பின்னும் வீசி நூலைக் காற்றில் விரித்து, நீரின்மேல் பூச்சி தானாக வந்து உட்கார்ந்தாற்போல் இறக்கவேண்டும். டிரவுட் மீன் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும் ஜாதி. ஆகவே வேட்டைக்காரன் கீழிருந்து மேலாக, மீனின் முதுகுப்புறமாகவே நடந்து வருவான். எந்த மடுவில், எந்த வேளையில், எந்தப் பூச்சிக்கு மீன் எழும்பும் என்பதெல்லாம் அவ்வோடைக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் தெரியும். வழிகாட்டியின் அவசியம் இதில்தான் இருக்கிறது. அறிவு அவனுடையது, ஆனந்தம் மற்றவனுடையது. கூலி சரியாகக் கிடைக்குமாயின் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நாம் கேட்பது வேறு. அந்த ஓடை யாருடையது? அதிலிருந்து வரும் பணம் எங்கே போகிறது?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு நீலகிரியிலே ஒரு பழைய சரித்திரம் உண்டு. டிரவுட் நமது நாட்டு மீனன்று. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவைச் சேர்ந்தது. வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்தது. இரண்டும் குளிர்ந்து ஓடும் நீரன்றி வேறெங்கும் பிழைக்கமாட்டா. உதகமண்டலத்திலே குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு உருளைக்கிழங்கும் ரோஜாவும் நரிவேட்டையும் கிடைத்தன. ஊரில் விட்டு வந்த மீன் ஒன்றுதான் கிடைக்கவில்லை. சென்னை ராணுவத்தில் வைத்தியராயிருந்தவரும், பிற்காலத்தில் இந்திய மீன்களைப்பற்றிப் பெரிய நூல் எழுதிப் புகழ்பெற்றவருமான டாக்டர் பிரான்ஸிஸ் டே 1860-களில் சீமையிலிருந்து டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார். ஸுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-ல். அதற்கு முந்திய கடற்பயணம் எத்தகையது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அம்முயற்சி பலிக்கவில்லை. அதன்பின் ஏறக்குறைய நாற்பது வருஷ காலம் கழித்து, 1906-ம் வருஷத்தை ஒட்டி எச். ஸி. வில்ஸன் என்பவர் இந்தக் காரியத்தைக் கையிலெடுத்தார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டு, வானவில் டிரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைபெற்றது. மூணாறு தேயிலைத் தோட்டங்களிலும், இலங்கையில் நுவரெலியாவிலும் இதே கதைதான். அந்த மலைகளிலெல்லாம் கொழுந்து கிள்ளியவர்கள் தமிழ் ஜனங்கள். ஓடையிலே தூண்டில் வீசியவர்கள் துரைமார்.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. மீன் நிலைபெறுவதற்குச் சற்றேறக்குறைய முப்பது வருஷம் முன்னதாகவே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. நீலகிரி வேட்டைச் சங்கம் 1877-ல் அமைந்தது. 1879-ல் சென்னை அரசாங்கம் நீலகிரி வேட்டைப் பிராணிகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. வேட்டைக்குரிய காலம் இன்னது, விலக்கப்பட்ட காலம் இன்னது என்று விதிக்கவும், ஓடைகளிலும் ஏரிகளிலும் மீன்பிடிப்பதைக் கட்டுப்படுத்தவும் கவர்னருக்கு அதிகாரம் கிடைத்தது. நியாயமாகப் பேசினால், அந்தச் சட்டத்தினால் நன்மையே இல்லையென்று சொல்ல முடியாது. கண்ட இடத்தில் சுட்டுத் தள்ளிய வெள்ளைக்கார வேட்டைக்காரர்களால் அழிந்து வந்த வரையாட்டுக்கு அது ஓரளவு அரணாயிற்று. ஆயினும் லைசென்ஸ் என்னும் வேலிக்கு உட்புறம் நின்றவர் யார், வெளிப்புறம் நின்றவர் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? படகரும் கோத்தரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாகக் கடந்து சென்ற ஓடை, ஒரு நாள் காலையில் பிறருடைய விளையாட்டு மைதானமாகிவிட்டது.

இன்னொரு சிறு விஷயம், சிறிதாயினும் மறக்கத்தக்கதன்று. சீமையில் மீன்தூண்டிலுக்கான பொய்ப் பூச்சி கட்டுகிறவர்கள் மிகவும் விரும்பிய இறகுகளில் ஒன்று நமது காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. மெழுகுத் துளி விழுந்தாற்போலப் பளபளக்கும் புள்ளிகள் கொண்ட அந்த இறகு, தென்னிந்தியக் காடுகளிலிருந்து கப்பலேறி, ஸ்காட்லாந்து நதிகளில் ஸால்மன் மீனைப் பிடிக்கப் பயன்பட்டது. பிற்காலத்தில் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பஞ்சு இங்கிருந்து போய்த் துணியாக வந்த கதை நமக்குத் தெரியும். இறகு இங்கிருந்து போய்ப் பொழுதுபோக்காகத் திரும்பி வந்த கதை பலருக்குத் தெரியாது.

இவ்வளவு தூரம் மலையைப்பற்றிச் சொன்னதற்குக் காரணம் சமவெளியிலே இருக்கிறது. நீலகிரி ஓடைகள் பவானியில் விழுந்து காவிரியில் சேர்கின்றன. அவற்றின் ஒரு துளியும் காஞ்சீபுரம் ஜில்லாவுக்கு வருவதில்லை. இங்கே நம்முடையவை பாலாறும் செய்யாறும் வேகவதியும். மூன்றும் திருமுக்கூடலில் கூடுகின்றன. அவையும் வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். ஆகவே நமது முன்னோர் ஏரி வெட்டினார்கள். உத்திரமேரூர்ப் பேரேரிக்குப் பல்லவர் காலத்துச் சாஸனங்களில் வைரமேக தடாகம் என்று பெயர். இந்த வெதுவெதுப்பான ஏரி நீரில் டிரவுட் ஒரு நாள்கூட உயிர் தரிக்காது. ஆனால் மேற்சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே விடை சொன்ன ஊர் உத்திரமேரூர்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலே முதலாம் பராந்தக சோழனுடைய 12-ம், 14-ம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட இரு சாஸனங்களைப் பற்றி மேடைதோறும் கேட்டிருக்கிறோம். 30 குடும்புகள், குடவோலை, குழந்தையைக் கொண்டு ஓலை எடுப்பித்தல் எல்லாம் பள்ளிக்கூடப் பாடம். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் டி. பிரகாசம் இச்சாஸனத்தை எடுத்துக்காட்டிக் கிராம பஞ்சாயத்துக்காக வாதாடினார். 2020 டிசம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டிடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டும்போது பிரதம மந்திரி மோடியும் இதைக் குறிப்பிட்டார். இவ்வளவு பெருமையும் ஓட்டுப் போடும் முறையைப் பற்றியதாகவே இருக்கிறது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பதை விசாரிப்பவர் குறைவு.

ஸம்வத்ஸர வாரியத்துக்கு 12 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக் காலம் 360 நாள். ஏரியைக் காப்பதற்கென்றே தனியாக ஆறு பேரைத் தேர்ந்த ஊர் அது. எந்த வாரியத்திலாவது இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் ஓலையில் பேர் எழுதப்படத் தகாதவன். அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் தகாதவர். இக்காலத்துச் சட்டசபைகளில் இப்படி ஒரு விதி வந்தால் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்! அந்தச் சபை வேதம் கற்ற, நிலமுள்ள பிராமணர்களுடைய சபை என்பதையும், உழுதவனுக்கும் பெண்மக்களுக்கும் அதில் இடமில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஜனநாயகம் என்று அதற்குப் பேர் வைப்பது பொருந்தாது. ஆனால் கணக்குக் காட்டும் விஷயத்தில் அவர்கள் விதித்த கண்டிப்பு, எல்லாருக்கும் ஓட்டுள்ள நமது காலத்துக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

ஏரி என்றால் தண்ணீர் மட்டுமன்று. வண்டல், கரைமரம், கோரை, மீன் எல்லாம் அதன் வருமானமே. சோழர், பாண்டியர் காலத்துச் சாஸனங்களில் மீன் பாட்டம், பாசிப் பாட்டம் என்று ஏரியில் மீன்பிடிக்கும் குத்தகைக்குப் பேர் வருகிறது. அந்தப் பாட்டத்தை ஏரியில் குழி தோண்டி வண்டல் வாருவதற்கும் கரையை உயர்த்துவதற்கும் ஒதுக்கிய ஊர்களும் உண்டு. இந்த ஏற்பாட்டின் அழகைப் பாருங்கள். தூர் வாரினால் ஏரி ஆழமாகும். ஆழமானால் கோடையிலும் நீர் நிற்கும். நீர் நின்றால் மீன் பெருகும். மீன் பெருகினால் பாட்டம் உயரும். அந்தப் பாட்டமே மறு வருஷம் தூர் வாரும். ராஜாவின் பொக்கிஷத்தை எதிர்பார்த்துக் கைகட்டி நிற்கவேண்டியதில்லை.

கும்பினியார் காலத்திலும் பின்பும் இந்த வட்டம் அறுபட்டது. நிலத்தீர்வை முழுவதும் ஸர்க்காருக்குப் போயிற்று. ஏரியைப் பழுது பார்ப்பதற்கென ஊரிலே விடப்பட்டிருந்த மானியங்கள் நலிந்தன. குடிகள் முன்போல் மண்வெட்டியோடு வரவில்லை என்று துரைத்தனத்தார் குறைப்பட்டுக்கொண்டார்கள். வருமானத்தை எடுத்துக்கொண்டபின் வேலை மட்டும் எப்படி நடக்கும்? 1858-ல் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு சட்டம் செய்யப்பட்டது. வழக்கப்படி குடிமராமத்துக்கு ஆள் கொடுக்கவேண்டியவர்கள் கொடுக்கத் தவறினால் அவர்களிடம் பணம் தண்டலாம் என்று அது விதித்தது. கட்டாய உழைப்புச் சட்டம் என்றே அதற்குப் பெயர்.

1858-ம் வருஷத்துச் சட்டத்தையும் 1879-ம் வருஷத்துச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசகர்கள் படித்துப் பார்க்கவேண்டும். இரண்டும் சென்னை மாகாணத்துக்கென்று 21 வருஷ இடைவெளியில் பிறந்தவை. இரண்டும் தண்ணீரைப் பற்றியவை. சமவெளியில், தண்ணீரின் பலனை எடுத்துக்கொண்டு உழைப்பைக் குடியானவன் தலையில் சுமத்தியது ஒன்று. மலையில், பொழுதுபோக்கும் கனவான்களுக்காக ஓடைக்கு வேலி போட்டது மற்றொன்று. சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்த எச். எஸ். தாமஸ் என்னும் துரை 1873-ல் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு நூலும், 1887-ல் நமது ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப்பற்றித் தனியாக இன்னொரு நூலும் எழுதினார். நல்ல மீன் அறிவுள்ளவர், அதை மறுக்கவில்லை. ஆயினும் நமது ஏரியை ஓர் ஆங்கிலக் கனவான் எந்தக் கண்கொண்டு பார்த்தார் என்பதற்கு அந்நூலின் தலைப்பே போதும்.

விசித்திரம் என்னவென்றால், வில்ஸன் துரை நீலகிரியில் டிரவுட் முட்டை பொரிக்க முயன்று கொண்டிருந்த அதே காலத்தில்தான், சாஸன இலாகாவைச் சேர்ந்த வெங்கையா உத்திரமேரூர்க் கல்லெழுத்துக்களைப் படித்து, 1904-05-ம் வருஷத்துத் தொல்பொருள் அறிக்கையில் உலகத்துக்கு வெளியிட்டார். துரைத்தனத்தார் முட்டையைப் பேணினார்கள். கல்லெழுத்து அறிக்கைக்குள் அடங்கி, காட்சிப் பொருளாய் நின்றது.

துரைத்தனம் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. 1879-ம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தை 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிடித்துக்கொண்டது. டிரவுட் ஓடிய மேற்கு நீலகிரியின் ஒரு பகுதி முக்குர்த்தி தேசியப் பூங்காவாகி, வேட்டைக்கும் தூண்டிலுக்கும் அடைபட்டது. குந்தா மின்சாரத் திட்டத்தில் அவலாஞ்சி, எமரால்டு அணைகள் எழும்பிப் பழைய ஓடைகளின் போக்கையே மாற்றிவிட்டன. உலகத்துக்குப் பெருந்தீங்கு செய்யும் 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் பழுப்பு டிரவுட்டும் வானவில் டிரவுட்டும் இடம் பெற்றிருக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். நீர்ப்பூச்சியும் தலைப்பிரட்டையும் சிறு மீனும் அவற்றுக்கு இரை. ஆகையால், டிரவுட் இல்லாத ஓடையில் சுற்றுலாவுக்காகப் புதிதாக டிரவுட் விடலாம் என்று எவரேனும் யோசனை சொன்னால் அதை நாம் ஆதரிக்க முடியாது. ஆனால் ஹிமாசலத்துத் தீர்த்தன் பள்ளத்தாக்கில் ஜனங்கள் நீர்மின் திட்டங்களை எதிர்த்து நின்றபோது, நதியைக் காக்க அவர்கள் எடுத்த வாதங்களில் டிரவுட்டும் ஒன்றாயிருந்தது. அந்நிய மீனும் அந்த ஊர் ஜனங்களுக்குப் பிழைப்பாக ஆனபின் நதிக்குக் காவலாயிற்று. பிழைப்பு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததே எல்லாம்.

அந்நிய மீனைக் காண நாம் நீலகிரிக்குப் போகவேண்டியதில்லை. ஜிலேபி மீன் என்று சந்தையில் விற்கிறார்களே, அது ஆப்பிரிக்கா தேசத்து மீன். 1952-ல் இலங்கை வழியாக மண்டபத்துக்கு வந்து, இன்று நம் ஏரி குளங்களிலெல்லாம் நிறைந்துவிட்டது. விராலும் குறவையும் கெளுத்தியும் நம் ஏரியின் பழைய குடிகள். குத்தகை எடுத்தவர் சீக்கிரம் பருக்கும் குஞ்சுகளை வாங்கி விடுகிறார். பழைய குடிகள் ஒதுங்குகின்றன. போட்ட முதலை எடுக்கப் பார்க்கும் குத்தகைதாரரை நாம் நோகவில்லை. ஏரி வாரியம் என்று ஒன்று இருந்தால், எந்த மீனை விடலாம், எந்த மீனை விடக்கூடாது என்று ஊரே தீர்மானிக்கும்.

ஊர் தீர்மானித்தால் நடக்குமா என்று சந்தேகிப்பவர்கள் அண்டையிலுள்ள வேடந்தாங்கலைப் பார்க்கட்டும். அவ்வூரார் 1790-களிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் தங்கள் ஏரிப் பறவைகளை எவரும் சுடலாகாது என்று எழுதி வாங்கிவிட்டார்கள். பறவையின் எச்சம் விழுந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பது அவர்களுடைய கணக்கு. சுட வந்தவர்கள் வெள்ளைச் சிப்பாய்கள், தடுத்தவர்கள் குடியானவர்கள். பறவை தின்னும் மீனையும் கணக்கில் சேர்த்தே அவர்கள் இதைச் செய்தார்கள் என்று நாம் நம்புகிறோம். தெற்கே மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுப்பட்டு ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஊத்தாவோடும் வலையோடும் இறங்கிப் பிடித்துக்கொண்டு போகிற திருவிழா இன்றும் நடக்கிறது. அங்கே லைசென்ஸும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. பிடித்தவன் வீட்டுச் சட்டியில் அன்றிரவு மீன் கொதிக்கும்.

கல்வெட்டைப் பார்க்க உத்திரமேரூருக்கு யாத்திரிகர்கள் வருகிறார்கள், இனியும் வருவார்கள். அவர்களில் சிலரை ஏரிக்கரைக்கு அழைத்துப் போய் விராலுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்து ஊர் இளைஞர்கள் நாலு காசு சம்பாதித்தால் நமக்கு ஆக்ஷேபமில்லை. விரால் மேற்பரப்பிலே தவளையைப் பாய்ந்து பிடிக்கும் மீன்; வேட்டைச் சுவையில் டிரவுட்டுக்குச் சளைத்ததன்று. ஆனால் அந்தக் காசிலும், மீன் குத்தகைக் காசிலும் ஏரிக்குரிய பங்கு ஏரிக்கு வந்து சேரவேண்டும். ஏரியின் மீன் ஏலம் போகிறது. ஏலத்தொகை எவ்வளவு, அது எந்த இலாகாவின் எந்தக் கணக்கில் ஏறுகிறது, அதில் எத்தனை ரூபாய் மதகுக்கும் கலங்கலுக்கும் வரத்துக் கால்வாய்க்கும் திரும்புகிறது என்று கடைமடையில் நிற்கும் விவசாயியைக் கேட்டுப்பாருங்கள். அவனுக்குத் தெரியாது, தெரிவிக்க வேண்டியவர்கள் தெரிவிக்கவில்லை. 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பேரை அரசாங்கம் மீண்டும் எடுத்தது. பேர் வந்தது நல்லதே. பாட்டமும் கணக்கும் கூட வரவேண்டாமா?

அக்டோபர் 2-ம் தேதி உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் கிராம சபை கூடும். தேச ஊழியர்களாகிய நண்பர்கள் அன்று வெறும் கையோடு போகவேண்டாம். தங்கள் ஊர் ஏரியின் கடந்த மூன்று வருஷத்து மீன் ஏலத்தொகையையும், அதே மூன்று வருஷத்தில் அந்த ஏரிக்கென்று செலவான மராமத்துத் தொகையையும் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கி, சபையில் உரக்கப் படிக்கச் செய்யட்டும். உத்திரமேரூர் பேரூராட்சியாதலால் அங்கே இந்தக் கிராம சபை கூடாது. ஆயினும் தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். மழை விழுந்து, கலங்கல் வழிந்து, அடுத்த ஏலத்துக்கு விளம்பரம் வருமுன் இந்த இரண்டு எண்களும் ஊராருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.